பதினான்கு நாள் ஈரம்

கான்கிரீட்டுக்குத் தண்ணீர் காட்டுவது கைக்குழந்தைக்குப் பால் கொடுப்பது மாதிரி, இன்ஸ்பெக்டர் ஐயா. வேளை தவறக்கூடாது. பதினான்கு நாள் ஈரச்சாக்கு போட்டு மூடிவைக்க வேண்டும். ஒரு மதியம் காயவிட்டால் விரிசல் விட்டுவிடும். திருமுல்லைவாயிலில் எத்திராஜ் கட்டுகிற வீட்டுக் கடைக்காலில் ஒரு விரிசல் இருந்தால் காட்டுங்கள். இந்தக் கோதண்டம் மேஸ்திரி கைவைத்த வேலை அது.

இது யுத்தகாலம். சிமெண்டு பர்மிட்டுக்காக எத்திராஜ் எட்டு மாதம் அலைந்தார். உடைத்துவிட்டுத் திரும்பப் போடலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

கடைக்காலுக்கு முளையடித்து நூல் பிடித்தவன் நான். பூசையன்று எத்திராஜின் சம்சாரம் வரலட்சுமி, பால் ஊற்ற இடைஞ்சலாக இருக்கிறதென்று ஈசானி மூலை முளையைப் பிடுங்கிவிட்டார். நான் அதைப் பழைய இடத்திலேயே அடித்தேன், கண் அளவில். முப்பது வருஷக் கண், ஐயா. நாலு பேர் எதிரில் மறுபடி அளப்பது எனக்குக் கேவலம்.

கான்கிரீட் போட்ட மூன்றாம் நாள், உச்சிவேளை. மற்ற ஆட்கள் கஞ்சி குடிக்கப் போயிருந்தார்கள். மண்வெட்டும் தங்கவேல் மட்டும் ஒரு சணல் கயிற்றோடு வந்தான். மூலைக்கு மூலை குறுக்கே பிடித்துப் பார்த்து, அதில் குறுக்குக்கு ஒன்றாக இரண்டு முடிச்சு போட்டிருந்தான்.

"மேஸ்திரி, கோச்சிக்காதீங்க. ரெண்டு குறுக்கும் ஒரே அளவாத்தானே இருக்கணும்? முக்கா முழம் வித்தியாசம் கீது. ஊடு கோணிக்கும். சாயங்காலம் ஊட்டுக்காரர் வந்ததும் சொல்லிடலாம்."

மண்வெட்டுகிறவன் எனக்கு அளவு சொல்கிறான். எனக்குக் கோபம் வரவில்லை, அதை எழுதிக்கொள்ளுங்கள். சாக்கு காய்ந்துகொண்டிருந்தது, என் கவலையெல்லாம் அதுதான்.

சற்று முன்தான் வாளி கயிற்றிலிருந்து கழன்று, நாங்கள் தண்ணீர் இறைக்கிற ஊர்க்கிணற்றில் விழுந்திருந்தது. அவன் சாதியார் அந்தக் கிணற்றைத் தொடக்கூடாதென்பது ஊர்க்கட்டு. "யாரும் இல்லை, இறங்கு" என்றேன். தயங்கினான். சணலை இடுப்பில் சுற்றிக்கொண்டு, கிணற்றுக் கயிற்றைப் பிடித்து இறங்கினான். படியில்லாத கிணறு, சுவரெல்லாம் பாசி. வாளியைக் கயிற்றில் கட்டினான். "முதலில் வாளி வரட்டும், பிறகு நீ" என்றேன்.

அந்தத் தண்ணீரைச் சாக்கில் ஊற்றினேன். மறுபடி வாளியை விட்டேன். இரண்டு தடவை அவன் பற்றியதில் கயிறு கனத்தது. கயிற்றைத் தளர்த்தினேன், பிடியை விட்டுவிட்டான். அவனுக்கு நீச்சல் தெரியும், அதனால்தான் நேரமாயிற்று. கடைசிவரை "மேஸ்திரி" என்றுதான் கூப்பிட்டான், மரியாதை தெரிந்தவன். கடைக்கால் முழுக்க நனைந்து முடிந்தபோது கிணற்றில் சத்தம் இல்லை.

ஊர் என்ன சொல்லுமென்று எனக்குத் தெரியும். தண்ணீர் திருட இறங்கினான் என்றார்கள். கிணற்றுக்குத் தீட்டுக் கழித்தார்கள். அப்படியும் குடிக்க யாரும் தொடவில்லை. கான்கிரீட்டுக்குத் தீட்டு கிடையாது. மீதி பதினொரு நாளும் அதிலேயே இறைத்தேன்.

அவன் பெண்சாதி பொன்னியம்மா, பிணத்தின் இடுப்பில் இருந்த சணலை அவிழ்த்துப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறாள். நேற்று உங்கள் எதிரில் அதை மூலைக்கு மூலை பிடித்தாள். முடிச்சு இரண்டும் அந்தந்த மூலையில் சரியாக நின்றன. படிக்காதவள், ஆனாலும் கயிற்றை நன்றாக இழுத்துப் பிடித்தாள்.

ஆமாம், தங்கவேலை நான்தான் கொன்றேன். கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அதற்கு மேலே ஒரு வரி சேருங்கள், ஐயா. முளையைப் பிடுங்கியது வரலட்சுமி அம்மாள். என் வேலையில் தப்பு கிடையாது.