ஆமை வண்டிக்கு அஞ்சு டயர்

அம்பாசிடர் ரிம்மெல்லாம் எனக்குக் காட்டாதீங்க பாய். வந்த ஒடனே சொல்லிட்டேன், ரிம்மு எங்கிட்ட இருக்குது, அஞ்சும் எடுத்தாந்திருக்கேன், டயரும் ட்யூபும்தான் வேணும்னு. இதப் பாருங்க, நடுவுல எம்மாம் பெரிய ஓட்டை. போல்ட்டு போடற எடம் அஞ்சும் ஓரமா இருக்குது. எங்க வண்டி ட்ரம்முல உங்க ரிம்ம எங்கத்த மாட்டுவீங்க? கயிறு போட்டுக் கட்டறதா?

ஆமா, ஆமை வண்டிதான். ஓக்ஸ்வேகன். பரவால்ல, ரிம்மப் பாத்தே சொல்லிட்டீங்களே. மூக்கண்டப்பள்ளியில ரெண்டு கடையில கேட்டேன், ஒருத்தன் டிராக்டரான்றான், இன்னொருத்தன் டிரெயிலரான்றான். பெங்களூர்ல ஒண்ணு ரெண்டு ஓடுதா? ஓடும் ஓடும். பேரிகையில ஒண்ணு நிக்குது. எங்க அண்ணன் கிருஷ்ணப்பன் ஊட்டுக் கொட்டாயில, நாலு கல்லு மேல நிக்குது.

ஏன்னா வீலு எங்கிட்டல்ல இருக்குது.

சிரிங்க சிரிங்க. ஊரே சிரிச்சுது, நீங்களும் சிரிச்சிட்டுப் போங்க. இந்த ஸ்டூல்ல ஒக்காரலாமா? பஸ்ஸு மாறி, ஓசூர்ல ஆட்டோ புடிச்சு, இடுப்பு போச்சு. கண்டக்டரு கேக்கறான், பெருசு கட வெக்கப் போறியான்னு. இந்தக் கங்கப்பன் கட வெச்சா நீதாண்டா மொதல் கிராக்கின்னேன்.

எழுபத்திமூணுல வாங்குனது. பட்டுக்கூடு நல்ல வெல போன வருசம். பெங்களூர்ல ஒரு வெள்ளக்காரரு, மெசின் மாட்டிவுட வந்தவரு, ஊருக்குத் திரும்பறாரு, வண்டிய விக்கறாருன்னு கேள்விப்பட்டு அண்ணனும் நானும் போனோம். மோட்டார் சைக்கிள் வாங்கற நெனப்புலதான் போனது. அண்ணன் இத ஒரு சுத்து சுத்தி வந்தான், தண்ணி ஊத்தற எடம் எங்கன்னு கேட்டான். அந்தாளு சிரிச்சிட்டு, இதுக்குத் தண்ணியே வேணாம், காத்துலயே ஆறிக்கும்னு சொன்னாரு. அவ்வளவுதான், விழுந்துட்டான். எங்க பக்கம் குடிக்கத் தண்ணியில்லாத காலம் அது. தண்ணி கேக்காத வண்டி எங்க கெடைக்கும்? ரெண்டு பேரு பணமும் சரிபாதி. ஓட்டறது அண்ணன். வீலு, காத்து, போல்ட்டு டைட்டு, அதெல்லாம் நான். அதனாலதான் சொல்றேன், எனக்கு இந்த வீலப் பத்தி ஒருத்தன் பாடம் எடுக்க வேண்டாம்.

பிரிஞ்சது எதுக்கா? போர் போடறதா வேணாமான்னு ஆரமிச்சுது. அவன் போர் போடணும்னான், நான் இன்னொரு ஏக்கரு மல்பெரி வெக்கலாம்னேன். அதுல வார்த்த தடிச்சுப் போச்சு. எழுபத்தொம்பதுல ஊர்ப் பெரியவரு கரியப்பன் ஒக்காந்து பிரிச்சுவுட்டாரு. நெலம் பாதி பாதி, கெணத்துல மொற, மாடு ஆளுக்கு ரெண்டு, ஊட்டுக்கு நடுவுல செவுரு. எல்லாம் முடிஞ்சுது. வண்டிகிட்ட வந்து நின்னுச்சு. ஒருத்தன் வண்டிய எடுத்துக்கடா, இன்னொருத்தனுக்குப் பணத்தக் குடுத்துடுன்னு பெரியவரு தெலுங்குல ஒருக்கா தமிழ்ல ஒருக்கா சொல்லிப் பாத்தாரு. அவன் வண்டிய வுட மாட்டான், நான் பணத்தத் தொட மாட்டேன். வித்துடலாம்னாங்க. ரெண்டு பேருமே கூடாதுன்னோம். அதுல ஒண்டி ஒத்துமை. எனக்கு அப்ப கொழுப்பு. சரி, அவனே வண்டிய வெச்சுக்கட்டும், எனக்கு வீலு அஞ்சும் குடுங்கன்னேன். வெளையாட்டுன்னு எல்லாரும் சிரிச்சாங்க. அண்ணன் சிரிக்கல. எடுத்துக்கோன்னான். அங்கியே ஜாக்கி போட்டுக் கழட்டிட்டேன். அவன் வேலிக்கு வெச்சிருந்த கல்கம்பத்த ஒடச்சு அடியில குடுத்தான்.

கல்யாணமா? எனக்கா? அண்ணன் எனக்குப் பொண்ணு பாத்துக்கிட்டு இருந்தான், அதுக்குள்ள செவுரு வந்துடுச்சு. அப்புறம் யாரு போய்ப் பாக்கறது. சோறு நானே ஆக்கிக்கறேன். ரசம் நல்லா வெப்பேன். ஒருத்தனுக்கு வெக்கற ரசம் ரெண்டு நாளைக்கு வருது, அதுதான் ஒரே தொல்ல.

வீலெல்லாம் கட்டிலுக்கடியில. வருசா வருசம் ஆயுத பூசைக்கு வெளிய எடுத்துத் தொடச்சு, எண்ணெ போட்டு, பொட்டு வெப்பேன். செவுத்துக்கு அந்தப் பக்கம் அண்ணன் வண்டிக்கு மால போடுவான். வீலில்லாத வண்டி எலுமிச்சம்பழத்த எப்படி நசுக்கும்? நான் இந்தப் பக்கம் வீலக் கையால உருட்டி நசுக்குவேன். பைத்தியக்காரனுங்கதான், ரெண்டு பேரும்.

எஞ்ஜின் ஓடும் பாய், அதெல்லாம் சந்தேகமே வேணாம். வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம காலையில ஸ்டார்ட் பண்ணுவான். பத்து நிமிசம் ஓடும். அந்தச் சத்தம் ஒங்களுக்குத் தெரியுமே, தையல் மெசின வேகமா மிதிச்சாப்பல. நான் டீயப் போட்டு எடுத்துக்கிட்டு செவுத்தோரம் ஒக்காந்துக்குவேன். அண்ணன் ஒடம்பு நல்லா இருக்கான், கைகாலு ஆடுதுன்னு எனக்குத் தெரியறது அதுலதான். நடுவுல ஒரு வருசம் சத்தமே இல்ல. அந்த வருசம் வெள்ளிக்கெழம வந்தாலே எனக்கு சோறு எறங்காது. அப்புறம் மறுபடி ஓட்ட ஆரமிச்சான்.

சரி டயருக்கு வாங்க. அஞ்சு அறுபது - பதினஞ்சு இருக்குதா? அம்பாசிடருக்குப் போடற அஞ்சு தொண்ணூறா? அதுவும் பதினஞ்சுதான், ஒக்காரும், நான் ஒக்காராதுன்னு சொல்லல. ஆனா ஒரு சுத்து பெருசு பாய். முன்னால ஸ்டீரிங்க முழுசா ஒடிச்சா மட்கார்டுல ஒரசுனாலும் ஒரசும். பின்னால மூணு பேரு ஒக்காந்து, பள்ளத்துல எறங்குச்சின்னா? எங்க ஊரு ரோட்ட நீங்க பாத்ததில்ல. ஒரசாதுன்னு எழுதிக் குடுப்பீங்களா? மாட்டீங்கல்ல. அப்ப அஞ்சு அறுபது தேடுங்க. மேல அட்டத்துல ஏறிப் பாருங்க, நான் இருக்கேன், அவசரமில்ல. அவசரந்தான், ஆனாலும் நிதானமாப் பாருங்க.

ரீட்ரெடு வேணவே வேணாம். நிக்கற வண்டிக்கு அது போதும்னு நீங்க சொல்றது நல்ல மனசுலதான், ஆனா வேணாம். இருக்கறதுலயே புது சரக்கு குடுங்க. இது எப்ப வந்தது? போன மாசமா? விரல்ல அழுத்திப் பாக்கறேன், கோச்சுக்காதீங்க. ரப்பரு எப்படின்னா, ஓடுனாதான் நல்லா இருக்கும். சும்மா வெச்சா உள்ளுக்குள்ளயே வெடிச்சுப் போவும், மேல ஒண்ணும் தெரியாது. பாத்தா பளபளன்னு இருக்கும், நம்பி ஏறுனா கழுத்தறுத்துடும். ட்யூபும் அப்படித்தான். அஞ்சுக்கும் புது ட்யூபு, புது வால்வு.

அடே, கெடச்சுடுச்சா. நாலு அஞ்சு அறுபதா, ஒண்ணு அஞ்சு தொண்ணூறா? அந்தப் பெருசு ஸ்டெப்னிக்கு இருக்கட்டும். நாலும் ஒரே மாதிரி வந்தா போதும். ரொம்ப நல்லதாப் போச்சு பாய், நீங்க நல்லா இருக்கணும்.

எதுக்கு இவ்வளவு பதட்டமா? சொல்றேன். அண்ணன் பொண்ணு செல்லி பிரசவத்துக்கு ஊட்டுக்கு வந்திருக்குது. இந்த வாரமோ அடுத்த வாரமோன்னு பேசிக்கறாங்க. பொழுது சாஞ்சா எங்க ஊர்ல இருந்து பஸ்ஸு கெடையாது. வாடக வண்டின்னு ஒண்ணு இருந்துது, அதையும் வெச்சிருந்தவன் வித்துட்டான். வலி எடுத்தா என்ன பண்ணுவாங்க? கொட்டாயில வண்டி இருக்குது, எஞ்ஜின் இருக்குது, ஓட்டத் தெரிஞ்சவன் இருக்கான்.

அந்தப் பொண்ணு சின்னதுல எந்நேரமும் என் தோள் மேலதான் இருக்கும். செவுரு வந்தப்ப அதுக்கு ஆறு வயசு. போன வாரம் பால் சொசைட்டிகிட்ட நிக்குது, வயித்தத் தூக்க முடியாம. நான் பாக்காத மாதிரி போறேன். சித்தப்பா, சாப்டியான்னு கேட்டுச்சு பாய். என்னப் பாத்து ஒருத்தரு சாப்டியான்னு கேட்டு எத்தன வருசம் ஆச்சு தெரியுமா? தலய ஆட்டிட்டு வந்துட்டேன். ஊட்டுக்கு வந்து சட்டி முன்னால ஒக்காந்து அழுதேன், வயசான காலத்துல.

அதான் நாளைக்கு வேல. அண்ணன் நாளைக்குக் கிருஷ்ணகிரிக்குப் பட்டுக்கூடு விக்கப் போறான். விடிஞ்சு போனா மத்தியானம்தான் வருவான். அவன் அந்தாண்ட போன ஒடனே இந்தாண்ட நான் உள்ள பூந்து மாட்டிப்புடுவேன். அண்ணி நஞ்சம்மா இருப்பாங்க. வெரட்டுனா வெரட்டட்டும், மாட்டிட்டுத்தான் வருவேன். அண்ணன் திரும்பி வந்து கழட்டி எறியவும் எறிவான். அந்தப் பயம் எனக்கு இருக்குது. வண்டி அவனுது, அவன் கழட்டுனா நான் என்ன பண்ண முடியும்? பொண்ணுக்கோசரமாவது வுட்டு வெப்பான்னு ஒரு நப்பாசை.

நேரா போய்க் கேட்டுட்டுக் குடுக்கறதா? நல்லா சொன்னீங்க. அவன் மூஞ்சப் பாத்து எட்டு வருசம் ஆவுது.

ஆமா, பிரிஞ்சு பதிமூணு வருசம், பேசி எட்டு வருசம். கணக்கெல்லாம் கரெக்டா புடிக்கறீங்க.

அந்த ரிம்மா? அதுல டயரு இல்ல, ஆமா. நான்தான் அறுத்து எறிஞ்சேன். ஒதடு மடங்கியிருக்குது, தெரியும். சுத்தியால தட்டி நிமித்துங்க, இல்லன்னா ஸ்டெப்னிக்கு அதப் போடுங்க. ஓடற வீலுக்கு வேணாம். கல்லு மேல ஏறிடுச்சு, அதான்.

கட்டிலுக்கடியில இருந்த வீலு எப்படிக் கல்லு மேல ஏறும்னு கேக்கறீங்க. ஒங்க கண்ணுக்கு எதுவும் தப்பாது போல.

ஒருக்கா வெளிய போய்ட்டு வந்துது பாய். எம்பத்திநாலுல. அண்ணனுக்கு ஒரு பையன் இருந்தான், திம்மராயன்னு. ஒம்பது வயசு. மத்தியானம் மல்பெரி தோட்டத்துல தழ ஒடிக்கப் போனவன பாம்பு புடுங்கிடுச்சு. அண்ணி என் வாசலுக்கு ஓடி வந்தாங்க. தலமுடி அவுந்து கெடக்குது, வீலக் குடுன்னு கேக்கறாங்க. நான் சோத்துல கைய வெச்சிருந்தேன். அவனே வந்து கேக்கட்டும்னு சொன்னேன்.

நான் பாம்புன்னு காதுல வாங்கல பாய். இல்ல, அதுவும் பொய்யி. வாங்குனேன். அவன் வந்து என் முன்னால நிக்கட்டும், நாலு வருசத்துக்கு மேல ஆச்சே, ஒரு வார்த்த கேட்டுட்டா ஒடனே குடுத்துடப் போறோம்னு நெனச்சேன். அவன் பையன பின்சீட்டுல படுக்க வெச்சு எஞ்ஜின ஸ்டார்ட் பண்ணிட்டான், சத்தம் எனக்குக் கேக்குது. கடைசில வந்தான். தம்பி, வீலக் குடுன்னான். நான் கையக் கூடக் கழுவல, எல்லாத்தையும் இழுத்துக்கிட்டு ஓடுனேன்.

டயர்ல காத்தில்ல. வருசமெல்லாம் தொடச்சேனே, பொட்டு வெச்சேனே, ஒருக்கா காத்து அடிச்சுப் பாத்தேனா? சைக்கிள் பம்ப வெச்சு அவனும் நானும் மாத்தி மாத்தி அடிச்சோம். ஸ்டெப்னியில காத்து நிக்கவே இல்ல. நாலு ஒருவழியா நின்னுச்சு, மாட்டுனோம், கெளம்புனோம். ஏரிக்கரை தாண்டல, முன்வீலு வெடிச்சுது. அவன் நிறுத்தல. வெறும் ரிம்மு மேலயே ஓட்டுனான், கல்லுல ஏறி மடங்குன வரைக்கும். அப்புறம் பையனத் தோள்ல போட்டுக்கிட்டு ஓடுனான், பின்னாலயே அண்ணி, அதுக்குப் பின்னால நான். தக்காளி லாரி ஒண்ணு வந்து ஏத்திக்கிச்சு. ஓசூர் வர்றதுக்குள்ள முடிஞ்சுபோச்சு.

எல்லாம் ஆன மறுநா காலையில கதவத் தொறக்கறேன், அண்ணன் நிக்கறான். வண்டிய மாடு கட்டி ஊட்டுக்கு இழுத்துட்டு, அஞ்சு வீலையும் கழட்டி எடுத்தாந்து என் வாசல்ல ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி வெச்சிருக்கான். துண்டுல போல்ட்ட முடிஞ்சு என் கையில குடுத்தான். இருபது இருக்குது, எண்ணிக்கோன்னான். அண்ணன் எங்கிட்ட கடைசியாப் பேசுனது அதுதான்.

நான் அங்கியே ஒக்காந்து எண்ணுனேன் பாய்.