ஆறு பாட்டும் ஒரு ‘டுப்’பும்

— அத எடுக்காத பாப்பா. எத்தன தடவ சொல்றது?

— எத்தன தடவ வேணா சொல்லுங்க தர்மராஜ் மாமா. ஒரு தடவையாவது காரணத்தையும் சேத்துச் சொல்லுங்க. இந்தாங்க, ஹெட்போன மாட்டிக்கிட்டு நீங்களே கேளுங்க. எங்கப்பா அடித்தொண்டையிலேர்ந்து பாடிக்கிட்டு இருக்காரு, நடுவுல யாரோ கதவத் தட்டுற மாதிரி ‘டுப்’. நாலு எட்டு போனா இன்னொரு ‘டுப்’.

— எனக்கு எதுக்கு ஹெட்போனு? இதப் பதிஞ்ச அன்னிக்கு அந்த மோட்டார் கொட்டாயில நான் இருந்தேன்ல.

— இருந்தீங்க. அதனாலதான் சென்னையிலேர்ந்து லேப்டாப்பத் தூக்கிக்கிட்டு குன்னத்துல உங்க மோட்டார் வைண்டிங் கடையில வந்து உக்காந்திருக்கேன். ஆறு மணிக்குள்ள பெங்களூரு ரெக்கார்டு கம்பெனிக்கு அனுப்பியாகணும். அனுப்பிட்டா இசைத்தட்டா அடிச்சிருவாங்க. அப்புறம் நீங்களே நெனச்சாலும் மாத்த முடியாது.

— அதுக்குத்தான் சொல்றேன், எடுக்காத.

— தவளச் சத்தத்த எடுத்தேன், சும்மா இருந்தீங்க. பெரியசாமி மாமா தும்முனத எடுத்தேன், சிரிச்சீங்க. கேசட்டு இரையிற சத்தத்தப் பூராவும் எடுத்தேன், பேஷ்னு சொன்னீங்க. இந்த ‘டுப்’பத் தொட்டா மட்டும் மூஞ்சி மாறிப்போவுது.

— தவளைக்கும் எனக்கும் என்ன ஒறவு? தாராளமா எடு. அட சொல்றேன் கேளு பாப்பா, எண்பத்தொம்பதுல எங்க குரூப்ப எவன் மதிச்சான்? ‘த்ரீ பேஸ்’னு பேரு வெச்சோம். மூணு பேரு, கரண்ட்டும் ராத்திரிக்கு மூணு மணி நேரம்தான் வரும். சீலிங் பேன் கம்பியச் சுத்தித்தான் நான் கிட்டாருக்கு காயிலு பண்ணேன். பால் கேனும் டால்டா டின்னும்தான் பெரியசாமிக்கு டிரம்ஸு. திருவிழாவுல ஏத்துனாங்க, ரெண்டாவது பாட்டுக்கே ‘எறங்குங்கடா, கரகாட்டம் வரட்டும்’னு கத்துனாங்க. அப்படியாப்பட்ட பாட்டு இது. கரடுமுரடாத்தான் இருக்கும். இருந்துட்டுப் போவட்டுமே.

— கரடுமுரடு வேற, அழுக்கு வேற மாமா. உங்க கிட்டாரு கீச்சுடுதே, அதுல நான் கை வெச்சனா?

— அந்தச் சத்தத்த எடுத்தா கிட்டாரும் கூடவே போயிரும்.

— போவாது. பாருங்க, இது தனி, அது தனி. பிரிச்சுக் காட்டவா?

— வேணாம். பெரியசாமிய ஒரு வார்த்த கேட்டுட்டு...

— கேட்டாச்சு. திருப்பூருக்குப் போன் போட்டேன். ‘தர்மராஜ் என்ன சொல்றானோ அதச் செய்யி’ன்னு வெச்சிட்டாரு. ரெண்டு பேரும் சேந்து எதையோ மூடுறீங்க.

— மூடறதுக்கு இது என்ன கொலக் கேசா?

— எனக்கு அதுக்கும் மேல. நான் எட்டு மாசக் கொழந்தையா இருக்கையில எங்கப்பா போயிட்டாரு. எங்கிட்ட இருக்கிறது ஒரு போட்டோவும் இந்தக் கேசட்டும்தான். பள்ளிக்கூடத்துல அடி வாங்கிட்டு வந்தா இதத்தான் போட்டுக் கேப்பேன். கல்யாணத்தன்னிக்கு விடிகாலையிலயும் இதத்தான் கேட்டேன். நான் சவுண்டு படிச்சதே இதுக்குத்தான் மாமா. அந்தக் குரல் மேல ஒரு தூசி இருக்கக் கூடாது. நான் விட மாட்டேன்.

— அங்கதான் பாப்பா கஷ்டமே இருக்கு.

— என்ன கஷ்டம்?

— ஒண்ணுமில்ல. டீ சொல்லவா?

— டீ வேணாம். நான் எடுத்துட்டேன்.

— எத?

— அந்த ‘டுப்’ப. ஆறு பாட்டுலயும். நேத்தே முடிச்சிட்டேன். உங்களுக்குக் காட்டிட்டு அனுப்பலாம்னுதான் வந்தேன். அம்மாவுக்குக் காலையிலயே வாட்ஸப்புல போட்டாச்சு.

— மலர்கொடிக்கா? ஏம்மா, உனக்கு என்ன அவசரம்? எடுக்காததுன்னு ஒண்ணு இருக்கா, இல்ல அழிச்சிட்டியா?

— இருக்கு, இருக்கு. ஏன் மாமா இப்படிப் பதர்றீங்க?

— அப்ப அதையே அனுப்பு. இத அனுப்பணும்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன். என் சம்மதம் இல்லாம பெங்களூருக்காரன் தட்டு அடிக்க முடியாதுல்ல? முடியாது. அவன் அனுப்புன ஒப்பந்தப் பேப்பர் எங்கிட்டதான் இருக்கு.

— காரணம்.

— பிடிவாதத்துல அப்படியே உங்கம்மா.

— காரணம் மாமா.

— மைக்க எங்க வெச்சிருந்தோம்னு நெனைக்கிற?

— ஸ்டாண்டுல.

— ஸ்டாண்டுக்கு எங்க போறது? ஒரு ஆளு கையில புடிச்சிக்கிட்டே நிக்கணும். பெரியசாமிக்கு ரெண்டு கையும் டின்னுல. எனக்கு ரெண்டு கையும் கிட்டாருல.

— அப்ப அப்பாதான் புடிச்சிருப்பாரு. பாடறவருதான மைக்கு புடிப்பாரு?

— பாடறவன் வாய்க்கு நேரா புடிச்சிக்கிட்டு நின்னான் உங்கப்பன்.

— யாரு வாய்க்கு?

— என் வாய்க்கு.

— உங்க வாய்க்கா? அப்பா வெறுமனே மைக்குதான் புடிச்சாரா?

— பெரியசாமி அவசரக்காரன். போவப் போவ ஓட ஆரம்பிச்சிருவான். அவன இழுத்துப் புடிக்க உங்கப்பன் கட்டவெரலால மைக்கு முதுகுல ஒரு தட்டு தட்டுவான். அதான் உன் ‘டுப்’பு. அதக் கேட்டுத்தான் நாங்க ரெண்டு பேரும் ஒரு நெலைக்கு வருவோம். அவன் இல்லன்னா ஆறு பாட்டும் ஆறு தெசைக்குப் போயிருக்கும்.

— பொய் சொல்றீங்க. கேசட் மேல ‘பாட்டு: முத்தமிழ்செல்வன்’னு அப்பா பேருதான் எழுதியிருக்கு. உங்க கையெழுத்து அது, எனக்குத் தெரியும்.

— என் கையெழுத்துதான். உங்கம்மாவப் பொண்ணு பாக்க கங்கைகொண்ட சோழபுரம் போனோம். உங்க தாத்தா முந்திரி பக்கோடாவ நீட்டிக்கிட்டே, மாப்பிளைக்கு வேற என்ன தெரியும்னு கேட்டாரு. உங்கம்மா கதவோரமா நின்னுச்சு. அதப் பாத்துட்டானா, ‘ராக் மீசிக் குரூப்பு வெச்சிருக்கேன், நாந்தான் பாடறேன்’னு அடிச்சு வுட்டுட்டான். எனக்குப் பொறையேறிப் போச்சு. சேக்காளி மானத்த அந்த வூட்டுல வெச்சு வாங்க முடியுமா? மறுநாள் நானே கேசட்டுல பேர எழுதிக் குடுத்தனுப்பினேன்.

— அம்மா பாடச் சொல்லவே இல்லியா?

— கல்யாணத்தன்னிக்கே சொந்தக்காரங்க கேட்டாங்க. தொண்டக்கட்டுன்னு சுக்குக் கசாயம் குடிச்சுத் தப்பிச்சான். கொஞ்ச நாள் கழிச்சு சொல்லிடறேன்டான்னான். ரெண்டு வருஷத்துல போயே சேந்துட்டான். பதினாறாம் நாள் உங்கம்மா அந்தக் கேசட்ட மடியில வெச்சிக்கிட்டு உக்காந்திருக்கு. நான் எந்த வாயால சொல்லுவேன்?

— என்ன மாமா பண்ணி வெச்சிருக்கீங்க. முப்பது வருஷமா உங்க குரல அப்பான்னு நெனச்சு அழுதிருக்கேன். உங்க குரல.

— திட்டு. நல்லாத் திட்டிக்க. எனக்கு அது வேணுந்தான்.

— திட்டவும் வரல. எனக்கு இப்ப யாரும் இல்லாத மாதிரி இருக்கு.

— அப்படிச் சொல்லாத பாப்பா. இசைத்தட்டு அட்டையில அவன் பேரே இருக்கட்டும், எனக்கு ஒண்ணும் வேணாம். மூணு மாசமா கம்பெனிக்காரங்க விளம்பரத்துல அந்தப் பேரத்தான் போடறாங்க, நான் வாயத் தொறந்தனா? ஆனா அந்த ‘டுப்’ப எடுத்துட்டீன்னா உள்ள என் தொண்ட மட்டும்தான் மிச்சம். அட்டையில பேரு இருக்கும், ஆளு இருக்க மாட்டான். என்ன வெட்டிப் போட்டாலும் அதுக்கு நான் ஒத்துக்க மாட்டேன்.

— எங்க, அந்த மொத பாட்டு... இங்க வருதே, இதா?

— அதான். இப்ப இன்னொண்ணு வரும் பாரு. ம். இதுல பெரியசாமி ரொம்ப ஓடிட்டான், அதான் அழுத்தித் தட்டுறான்.

— நான் மூணு வாரமா ஒவ்வொண்ணா தேடித் தேடி எடுத்தேன் மாமா. முன்னூத்திச் சொச்சம் எடத்துல.

— எடுக்காதது இருக்குன்ன இல்ல? கண்ணத் தொடச்சிக்க. மணி அஞ்சே முக்காலு. அத அனுப்பு.

— அனுப்பறேன். தவள போகட்டும், இரைச்சல் போகட்டும். இது ஒண்ணுகூட போகாது. ஆனா அட்டைக்கு நான் கம்பெனிக்காரங்ககிட்ட பேசணும். நீங்க பாடுனதுக்கு உங்க பேரு வரணும்.

— வேணவே வேணாம். மலர்கொடிக்குத் தெரியக் கூடாது. அது அந்தக் குரல நம்பித்தான் இத்தன காலம் ஓட்டியிருக்கு. நீ எனக்கு சத்தியம் பண்ணு.

— போன் அடிக்குது. அம்மாதான்.

— எடுக்காத. இல்ல, எடு, இல்லன்னா சந்தேகப்படும். எதையும் ஒளறிடாத.

— ஸ்பீக்கர்ல போடறேன், நீங்க இருமக்கூட கூடாது. அம்மா, சொல்லும்மா.

— வினோதினி, நீ காலையில அனுப்புனத இப்பதான் கேட்டேன். ரெண்டு தடவ போட்டுக் கேட்டுட்டேன்.

— எப்படிம்மா இருக்கு?

— தர்மராஜ் அண்ணன் பாடறதெல்லாம் நல்லாத் தெளிவா கேக்குது. உங்கப்பாவத்தான் காணோம். எங்கடி போட்ட அவர?