மயில்சாமியிடம் நான் கேட்ட கேள்வி

பெயர் வான்மதி, வயது 41, கணவர் பெயர் செல்வராஜ், கலிபோர்னியா மாநிலம் டப்ளினில் குடியிருக்கிறேன். ஃப்ரீமான்ட்டில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஆறு வருடமாக ரெக்ரூட்டர், அதாவது வேலைக்கு ஆள் தேடிப் பிடித்துச் சேர்ப்பவள். எனக்கு ஆங்கிலம் நன்றாகவே வரும். ஆனால் அந்தக் கேள்வியை நான் தமிழில்தான் கேட்டேன் என்பதால் இதையும் தமிழிலேயே பதிவு செய்யச் சொன்னேன். விசாரணை அதிகாரி ஒப்புக்கொண்டு மொழிபெயர்ப்பாளர் ஒருவரை உட்காரவைத்தார்.

சென்ற ஏப்ரல் முதல் வாரம் மயில்சாமி என்பவர் எங்களிடம் விண்ணப்பித்தார். முன்பிருந்த கம்பெனியில் அவரை லே-ஆஃப் செய்து நாற்பது நாள் ஆகியிருந்தது. அறுபது நாளுக்குள் வேறு வேலை அமையாவிட்டால் விசா போய், மனைவியையும் இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகளையும் கூட்டிக்கொண்டு அவர் நாடு திரும்ப வேண்டும். நான்கு பேர் அவரை இன்டர்வியூ செய்தார்கள், நான்கு பேரும் எடுக்கலாம் என்றே எழுதினார்கள். அதன் பிறகு நான் அவரிடம், "இந்த வீக்கெண்டாவது நிம்மதியா தூங்குங்க" என்று சொன்னேன். அது என் அவசரப் புத்தி.

அதன் பிறகு திங்கட்கிழமை காலை, முடிவெடுக்க வேண்டிய மேனேஜர் நெடுஞ்செழியன் என் இடத்துக்கு வந்து, "ஆளு டெக்னிக்கலா ஸ்ட்ராங். நம்ம பக்கம்தான் போல. குலதெய்வம் எதுன்னு மட்டும் கேஷுவலா கேட்டுப் பாருங்களேன்" என்றார். நான் மயில்சாமிக்கு போன் செய்தேன். அவர் லிவர்மோர் பக்கம் காரில் போய்க்கொண்டிருந்தார். சேரும் தேதியைப் பற்றிப் பேசிவிட்டு, சும்மா பேச்சுவாக்கில் குலதெய்வம் எது என்று கேட்டேன். அவர் காரை ஓரம் கட்டினார். இண்டிகேட்டர் அடிக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. "இது ஜாபுக்கு வேணுங்களா மேடம்?" என்றார். நான் சிரித்தேன். அதன் பிறகு அவர் சாமி பெயரையும் கோவில் இருக்கும் ஊரையும் சொன்னார். அவற்றை இங்கே சொல்ல எனக்கு விருப்பமில்லை, ஒரு தடவை நெடுஞ்செழியனிடம் போய்ச் சொன்னதே போதும்.

நெடுஞ்செழியன் கேட்டுவிட்டு "ஓஹோ" என்று மட்டும் சொன்னார். மதியம் "டீமுக்கு ஒத்துவர மாட்டார்" என்று சிஸ்டத்தில் பதிந்தார். அதன் பிறகு, வேலை தர இயலவில்லை என்ற வழக்கமான வருத்தக் கடிதத்தை அவருக்கு அனுப்பியது நான்தான். அறுபதாவது நாள் மயில்சாமி குடும்பத்தோடு கோயம்புத்தூர் போய்விட்டார். மகளுக்குப் பள்ளி முடிய இன்னும் ஐந்து வாரம் இருந்தது. அங்கிருந்து அவர் எழுதிய புகாரின் பேரில்தான் என்னை அழைத்திருக்கிறார்கள். இதைச் சொல்வதால் என் வேலையும் போகலாம், அது எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

மேற்கண்டவற்றை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். அதில் "சும்மா பேச்சுவாக்கில்" என்று உள்ளதை அடித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். எங்கள் பக்கத்தில் குலதெய்வத்தைச் சொன்னால் சாதி தெரிந்துவிடும். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் நெடுஞ்செழியன் என்னிடமும் இதையே கேட்டார். நான் யோசிக்கக்கூட இல்லை, சந்தோஷமாகச் சொன்னேன், அன்றிலிருந்து அவருக்கு நான் "நம்ம வான்மதி". அதனால் மயில்சாமி காரை ஓரம் கட்டியபோதே ஏன் என்று எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்த பிறகும் போனை வைக்காமல் பதிலுக்குக் காத்திருந்தேன்.

அடித்த இடத்தில் கையெழுத்து வைத்திருக்கிறேன். மற்ற எல்லாம் நான் சொன்னபடியே எழுதப்பட்டுள்ளன, அவை உண்மை.

(ஒப்பம்) செ. வான்மதி