தட்டிப் பார்த்த மைதானம்

அந்த ஆட்டம் சனிக்கிழமை நடந்ததா, ஞாயிற்றுக்கிழமையா என்று இப்போது என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை, சார். மழை முந்தின நாளே பெய்துவிட்டது என்று ஒரு நேரம் தோன்றுகிறது. இல்லை, விடியற்காலையில்தான் பெய்தது என்று இன்னொரு நேரம். மகளைக் காணவில்லை என்று புகார் கொடுக்க வந்தேன். அங்க அடையாளம் கேட்டீர்கள். வலது கால் வளைந்திருக்கும், தாங்கித் தாங்கி நடப்பாள் என்றேன். அது எப்படி ஆனது என்று கேட்டீர்கள். கேட்டதற்குப் பதில் சொல்வதுதானே முறை.

என் பெயர் பக்தவச்சலம். சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில் டிம்பர்மேனாக இருந்தேன். கீழே பாறையைக் கடப்பாரையால் தட்டி, சத்தத்தை வைத்தே அது கெட்டியா, உள்ளே பொள்ளலா என்று கண்டுபிடித்து, பிறகு மரத்தால் முட்டுக் கொடுக்கிற வேலை. நான் ‘இறங்கலாம்’ என்று சொல்லாமல் எந்த ஷிப்டிலும் ஓர் ஆள்கூட அந்த இடத்தில் கால் வைக்கமாட்டான்.

எங்கள் ஊர்ப் பெண்கள் கால்பந்து ஆடிய மைதானத்துக்கு அடியிலும் பழைய சுரங்கம் போகிறது. மழைக்குப் பிறகு அங்கங்கே மண் உள்வாங்கும். அதனால் ஆட்டத்தன்று காலையில் நான்தான் மைதானம் முழுக்கத் தட்டிக்கொண்டே நடப்பேன். பொள்ளலாகக் கேட்ட இடத்தைத் தோண்டி, கல் போட்டு இடித்து, தங்கம் பிரித்த கழிவைக் கொட்டிவைத்த சயனைடு மேட்டிலிருந்து கொண்டுவந்த சாம்பல் நிற மண்ணை மேலே நிரவுவேன். பெண்கள் பூட்ஸைக் கட்டிக்கொண்டு கோட்டுக்கு வெளியே காத்திருப்பார்கள்.

“இன்னா மாமா, தேங்கா வாங்கறாப்ல தட்டிக்கினே கீற?” என்று மாலா கத்துவாள்.

“உன் மண்டையத் தட்டுனா இதவிட நல்லா சத்தம் வரும்டி,” என்பாள் என் மகள் சம்பங்கி.

நான் கையை உயர்த்தி ‘இறங்கலாம்’ என்ற பிறகுதான் இறங்குவார்கள். மற்றவர்கள் அப்போதும் ஒரு கண்ணைத் தரையில் வைத்திருப்பார்கள். சம்பங்கி ஒருநாளும் கீழே பார்த்து ஓடியதில்லை. எங்க நைனா தட்டுன தரை என்பாள்.

போன வருடம் பெண்களுக்கான தேசிய லீக்கில் எங்கள் அணியும் இருந்தது. சுரங்கத்தை மூடப்போகிறார்கள் என்ற பேச்சு பலமாக இருந்த நேரம். ஆண்கள் டீக்கடையில் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தோம்; பெண்கள் ஜெயித்துக்கொண்டு வந்தார்கள். கடைசி ஆட்டத்தைப் பார்க்கக் கல்கத்தாவிலிருந்து ஒரு கிளப்பின் ஆட்கள் வருவதாகப் பயிற்சியாளர் லூயிசா சொன்னாள். சம்பங்கியைப் பிடித்துப்போனால் அங்கேயே வேலை, தங்க இடம், எல்லாம்.

“அண்ணா, இனிமே அவ உங்க பொண்ணு இல்ல. இந்தியாவோட பொண்ணு,” என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

சம்பங்கியின் தாய் இறந்து பல வருடம் ஆகிறது. வீட்டில் நாங்கள் இருவர்தான். கல்கத்தாவில் அவளுக்குப் பாஷை தெரியாது. காய்ச்சல் வந்தால் நெற்றியைத் தொட்டுப் பார்க்க ஆள் கிடையாது. பெற்றவன் இதையெல்லாம் யோசிக்கத்தானே வேண்டும். போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால் அவள் மனது கஷ்டப்படும்.

ஆட்டத்தன்று காலையில், வலது ஓரத்தில், அவள் பந்தை வாங்கி உள்பக்கமாகத் திரும்புகிற இடத்தில் பொள்ளல் சத்தம் கேட்டது. அந்தக் குழியை நான் உண்டாக்கவில்லை, சார். அது தானாக இருந்தது. வாயை மட்டும் கொஞ்சம் அகலப்படுத்தினேன். நிரப்புவதற்கு முன்னால் அப்படிச் செய்வது வழக்கம்தான். கல் போடவில்லை. ஒரு சாக்கை விரித்து, ஈர மண்ணை மேலே நிரவினேன். பார்க்க மற்ற இடங்களைவிடச் சுத்தமாகவே இருந்தது. வேறு யாராவது விழுந்திருந்தால் எனக்கு மிகவும் வருத்தமாக இருந்திருக்கும். பிறகு கையை உயர்த்தினேன்.

எலும்பு முறிந்த சத்தம் கோட்டுக்கு வெளியே நின்ற எனக்குக் கேட்டது. அவளைத் தூக்கிக்கொண்டு ஓடியதும் நான்தான்.

“உம்மேல தப்பில்ல நைனா. மழ பேஞ்சிச்சில்ல, அதான்,” என்று வழியெல்லாம் எனக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டே வந்தாள்.

பெங்களூருக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் செய்யலாம் என்றாள் லூயிசா. கத்தி வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை என்று சொல்லி, எலும்பு கட்டுகிற வைத்தியரிடம் காட்டினேன். கைராசிக்காரர். மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். எலும்பு நன்றாகவே கூடத் தொடங்கியது. கல்கத்தாக்காரர்களும், குணமாகி வரட்டும், காத்திருக்கிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

அதைக் கேட்ட பிறகு, பகலில் அவள் மருந்து மயக்கத்தில் தூங்கும்போது கட்டைச் சற்றுத் தளர்த்தினேன். காலுக்குக் காற்றோட்டம் வேண்டும் அல்லவா. பாதத்தைக் கொஞ்சம் திருப்பி வைத்து மறுபடி கட்டினேன். வைத்தியர் கட்டு மாற்றிய ஒவ்வொரு தடவையும் அப்படிச் செய்தேன். அவள் முனகினால் நிறுத்திவிடுவேன்.

“கட்டு லூசா கீறாப்ல கீது நைனா.”

“புதுசுல அப்டித்தாம்மா இருக்கும்.”

கால் கூடியது. வளைந்து கூடியது. அதன் பிறகு நாங்கள் நன்றாகத்தான் இருந்தோம். நானே சமைத்தேன், தலை வாரிவிட்டேன், வாசல் வரைக்கும் தோளைப் பிடித்துக் கூட்டிவந்தேன். அவள் பேச்சு குறைந்துபோனது. எனக்கு அது தொந்தரவாக இல்லை. நானும் அதிகம் பேசுகிறவன் அல்ல.

முந்தாநாள் சாப்பிடும்போது கேட்டாள்.

“அன்னிக்கி அந்த எடத்தத் தட்டிப் பாத்தியா நைனா?”

“பாத்தேம்மா.”

“இன்னா சத்தம் வந்துச்சு?”

நான் அவளுக்கு ரசம் ஊற்றினேன். அவள் அதைத் தொடாமலே கையைக் கழுவிவிட்டு எழுந்து போனாள். நேற்றுக் காலையில் கட்டில் காலியாக இருந்தது.

மற்றவர்களைப் பற்றியும் கேட்டீர்கள். எங்கள் அணி அந்த ஆட்டத்தில் தோற்றது. இந்த வருடம் அணி என்று ஒன்று இல்லை. பிப்ரவரியில் சுரங்கத்தையும் மூடிவிட்டார்கள். கல்கத்தாவுக்கு மாலா போனாள், அங்கே ஆடிக்கொண்டிருக்கிறாள். லூயிசா பெங்களூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். நேற்றே போய் விசாரித்தேன். தெரியாது என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் ஸ்கெலட்டன் குடியிருப்பில் அதே வீட்டில்தான் இருக்கிறேன். தேடுவதில் உங்களுக்குப் பெரிய சிரமம் இருக்காது, சார். அந்தக் காலை வைத்துக்கொண்டு என்னை விட்டு அவளால் வெகுதூரம் போயிருக்க முடியாது.