இரண்டாம் எண்

நான் காலாட்டிக்கொண்டே பேசுவதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் இன்ஸ்பெக்டர் ஐயா. பயமில்லை, பழக்கம். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன் நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். நானோ வாசலுக்கும் மேசைக்கும் நடந்தே செருப்பைத் தேய்த்தவன். அந்த ஜன்னலை மட்டும் கொஞ்சம் திறந்துவிட்டால் நல்லது.

இத்தனை நாள் மழுப்பினேன், ஒப்புக்கொள்கிறேன். இப்போது வாய் திறக்க ஒரே காரணம், என் வழக்கைக் காட்டி புதிய தேர்தல் முறையையே தூக்கிவிடப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதுதான். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவதா? முறையில் குற்றமில்லை. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் கட்சியில் இரண்டு கோஷ்டி. ஒன்று என் மச்சானுடையது, அதாவது என் மனைவியின் அண்ணனுடையது. மற்றது லாரி முதலாளி ஒருவருடையது, லாரிக்காரர் என்போம். நகராட்சித் தலைவர் தேர்தலில் ஒருவருக்கு இடம் கொடுத்தால் மற்றவர் உள்ளடி வேலை பார்ப்பார். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். எதிர்க்கட்சி ஜெயித்துப் போகும். நடுவில் சமாதானம் பேசி இரண்டு பக்கமும் அடி வாங்கியவன் நான். அதனால் எனக்கு மத்தளம் என்று பெயர்.

நகராட்சி அமைத்த சீர்திருத்தக் குழுவில் நானும் இருந்தேன். ஒரே முத்திரைக்குப் பதிலாக, வாக்குச்சீட்டில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போடும் முறையைக் கொண்டுவந்தோம். யாருக்கும் பாதிக்கு மேல் வராவிட்டால் கடைசியில் இருப்பவரை நீக்கி, அவருடைய சீட்டுகளை அதே சீட்டில் இரண்டாம் எண் வாங்கியவருக்குக் கொடுப்பார்கள். ஊராருக்கு நான்தான் விளக்கினேன். "கண்ணாடி போட்டுப் பாக்குறப்போ இது தெளிவா, அது தெளிவான்னு கேப்பேன்ல? அதே மாதிரிதான்" என்பேன். சட்டென்று புரிந்துகொள்வார்கள்.

ஒரு விதி மட்டும் நான் சொல்லிச் சேர்த்தது. சீட்டு அச்சான பிறகு வேட்பாளர் இறந்துபோனால் தேர்தலை நிறுத்த வேண்டாம். எண்ணும்போது முதல் வேலையாக அவருடைய சீட்டுகளை இரண்டாம் எண்ணுக்கு மாற்றிவிடலாம். வீண் செலவு மிச்சம். அப்போது என் மனதில் எதுவும் இல்லை. அதற்கு முந்தைய மாதம்தான் மச்சானுக்கு இதயத்தில் குழாய் வைத்தார்கள் என்பது உண்மை. அதற்காக மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடாதீர்கள்.

புதிய முறையில் வாக்கு சிதறாது என்பதால் மச்சான், லாரிக்காரர் இருவரையும் கட்சி நிறுத்தியது. "நீயும் நில்லு மாப்பிள்ள, ரெண்டாம் நம்பர் கட்சிக்கு வெளியில போயிடக் கூடாது" என்று மச்சான் சொன்னார். நின்றேன்.

கட்சி அலுவலகத்தில் ஒத்திகை வைத்தோம். இரண்டு கோஷ்டிக்காரர்களும் எண் போட்டார்கள். ஏறக்குறைய எல்லாச் சீட்டிலும் இரண்டாம் எண் எனக்கு. முதல் எண் ஒன்றுகூட இல்லை. எல்லோருக்கும் பிடித்த நான் முதல் சுற்றிலேயே வெளியேறினேன். மச்சான் என் முதுகில் தட்டிச் சிரித்தார்.

"உன்ன வேண்டாம்னு சொல்ல ஒருத்தன் இல்ல மாப்பிள்ள. வேணும்னு சொல்லவும் ஒருத்தன் இல்ல."

அலுவலகமே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவமானமா என்று கேட்டீர்கள். அவமானம்தான், மறைக்கவில்லை. அதைவிட, இத்தனை பேர் விரும்பும் ஒருவனை வடிகட்டித் தள்ளும் ஓட்டை முறையில் இருக்கிறதே என்ற கவலை. அச்சு வேலை முடிந்துவிட்டது, விதியைத் திருத்த நேரமில்லை. கையில் இருந்த விதியைக்கொண்டுதான் சரிசெய்ய வேண்டியிருந்தது.

பிரசாரத்துக்கு வழி போடுவது என் பொறுப்பு. மச்சானுக்கு அடுக்குமாடிக் குடியிருப்புகளை ஒதுக்கினேன். பாதிக் கட்டடங்களில் லிஃப்ட் ஓடாது. மருத்துவர் படி ஏறக் கூடாது என்றிருந்தார். அதையும் மச்சானிடம் நினைவூட்டினேன். "நாலாவது மாடிக்காரன் என்ன பாவம் பண்ணான்? அவனுக்கும் ஓட்டு இருக்குல்ல?" என்று அவரேதான் ஏறினார். நான் தள்ளவில்லை. வெயில் தாழ்ந்து போகலாம் என்றார் ஒரு தொண்டர். மத்தியானம்தான் ஆட்கள் வீட்டில் இருப்பார்கள் என்றேன். அது பொய்யில்லை.

அன்று தொண்டர்களைத் துண்டறிக்கையோடு அடுத்த கட்டடத்துக்கு அனுப்பிவிட்டேன். மூன்றாவது மாடித் திருப்பத்தில் மச்சான் படியில் உட்கார்ந்தார். சட்டை நனைந்திருந்தது.

"மாப்பிள்ள... மாத்திர."

"கார்ல இருக்கு மச்சான். அசையாம உக்காருங்க, கொண்டாறேன்."

இறங்கினேன். வாழ்க்கையில் முதன்முறையாக நான் ஒவ்வொரு படியாக இறங்கியது அன்றுதான். காரில் இருக்கைக்கு அடியிலும் பையிலும் தேடினேன். யாராவது பார்த்தால் பதறித் தேடுவதாகத்தான் தெரியும். கொஞ்சம் தண்ணீர் குடித்தேன். திரும்பி ஏறியபோது மச்சான் சுவரில் சாய்ந்திருந்தார். கண் திறந்திருந்தது, நான் இறங்கிய பக்கமே. அழுதேன். அது நடிப்பில்லை. அவரைப் போல என்னை யாரும் நம்பியதில்லை.

மாத்திரை காரில் இல்லை. என் சட்டைப் பையில் இருந்தது.

தேர்தல் நடந்தது. மச்சானுக்கு அனுதாபத்தில் முதல் எண் குவிந்தது. நானும் அவருக்குத்தான் ஒன்று போட்டேன். நன்றி என்று ஒன்று இருக்கிறதே. எண்ணும்போது அவருடைய சீட்டுகள் முதலில் எனக்கு வந்தன. பிறகு லாரிக்காரர் வெளியேற, அவருடையவையும் வந்தன. பாதிக்கு மேல் தாண்டினேன். முறை பிசகில்லாமல் வேலை செய்தது.

நான் ஒன்றை மறந்திருந்தேன். குளியலறை மூலையில் சுருட்டிப் போட்ட அந்தச் சட்டை, துக்கமும் தேர்தலுமாக நாள் போனதில், போட்டபடியே கிடந்தது. என் மனைவி துவைக்க எடுத்தாள். அன்று காலை, "அண்ணன் கேட்ட உடனே குடுங்க" என்று சொல்லி மாத்திரையை என் சட்டைப் பையில் வைத்தவளே அவள்தான். மாத்திரை அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு கடைக்கு வந்தாள். கத்தவில்லை.

"கார்ல தேடினேன்னு சொன்னீங்களே?"

அவ்வளவுதான் கேட்டாள். அங்கிருந்து நேராக உங்களிடம் வந்தாள். அவள் மேல் எனக்கு வருத்தமில்லை. ஆம், என் மச்சானை நான்தான் கொன்றேன். எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன்.

ஆனால் ஒரு விஷயம் மனதை அரிக்கிறது. இடைத்தேர்தலில் அவளே நிற்கிறாளாம், வக்கீல் சொன்னார். வீடு வீடாகப் போய், "எனக்கு ஒண்ணு போடுங்க. ரெண்டாவது யாருக்கும் போடாதீங்க, அந்தக் கட்டம் காலியா இருக்கட்டும்" என்கிறாளாம். கேட்பவர்கள் அழுகிறார்களாம். இது சரியில்லை ஐயா. இரண்டாம் எண் இல்லாத சீட்டு அடுத்த சுற்றுக்குப் போகாது, வீணாகிவிடும். இந்த முறையை அவள் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. ஒரே ஒரு தடவை தொலைபேசியில் பேச விடுங்கள். நான் எடுத்துச் சொன்னால் கேட்பாள்.