லார்க்ஸ்பர் தெருவை மூடியும் இணைத்தும் காத்த வெண்டல் ஆஸ்டர்ஹவுட் அவர்களுக்கு

சாலைச் சட்டத்தின் சாகரமே! சந்திப்புகளின் சிந்தாமணியே! கலிபோர்னியாவின் சான் லூசியானோ மாவட்டச் சாலைத் துறையில் முப்பத்தோராண்டு சலியாது வீற்றிருந்து இன்று ஓய்வு பெறும் சட்ட அலுவலரே! வணக்கம்.

மாவட்ட விரைவுச்சாலைக்காக நகரத் தெருவை மூடுவதற்கு நகர மன்றம் இசைய வேண்டும். தெருவை விரைவுச்சாலையோடு இணைப்பதற்கு மாவட்ட வாரியம் இசைய வேண்டும். இதை எங்களுக்கு எத்தனை முறை விளக்கினீர்கள்! ஒவ்வொரு விளக்கத்துக்குப் பிறகும் முன்னைவிடச் சற்றுக் குறைவாகவே புரிந்தது. ஆழம் என்பது அதுதானே!

லார்க்ஸ்பர் தெருவே அதற்குச் சான்று. மூடினால் மாவட்டம் மகிழும் என்று நகர மன்றம் மூட இசைந்தது. இணைத்தால் நகரம் மகிழும் என்று வாரியம் அதே வாரம் இணைக்க இசைந்தது. இரண்டும் செல்லும் என்றீர்கள். ஆகவே தெருவிலிருந்து விரைவுச்சாலைக்கு ஏறுபாதை போட்டார்கள். அதன் வாயில் கான்கிரீட் தடுப்பும் வைத்தார்கள். தடுப்பை ஒருவர் விலக்க மற்றவர் இசைய வேண்டும், மற்றவர் இசைய இவர் முதலில் விலக்க வேண்டும் என்று தாங்கள் தெளிவுபடுத்தியதிலிருந்து இன்னும் எவரும் தெளியவில்லை.

அத்தெருவில் டமாலே என்னும் மெக்சிகோ பலகாரக் கடை நடத்தும் ஹொர்டென்சியா அம்மையார், ஆள்வரத்து அற்று, கடையை இழுத்து மூடும் நிலையில் நம் அலுவலக முகப்புக்கு வந்தார்.

“ஏங்க, அந்த ரோடு திறந்திருக்கா, மூடியிருக்கா? ஏதாவது ஒண்ணச் சொல்லுங்க.”

“ரெண்டும்தாம்மா” என்றீர்கள், முகம் மாறாமல்.

“அப்ப நீங்களும் சம்பளம் வாங்கியும் வாங்காமலும் ஒரு மாசம் இருந்து பாருங்களேன்!”

அதற்கும் பொறுமையாக ஒரு சட்டப் பிரிவைக் காட்டிய பெருந்தகை தாங்கள்!

சட்டப்படி இணைந்த தெருவாயிற்றே என்று நம்பி, ஓய்வுக்கால வீட்டையும் லார்க்ஸ்பர் தெருவிலேயே வாங்கினீர்கள். குடிபோன மறுநாள் ஊரைச் சுற்றி வந்து, வியர்க்க விறுவிறுக்க அலுவலகம் நுழைந்து, “அந்தத் தடுப்ப எவன்யா வச்சது?” என்று கேட்டீர்கள். வைத்தது நாமா, நகரமா, இன்றுவரை எங்களுக்கும் விளங்கவில்லை.

நூறாண்டு நலமோடு வாழ்க! தடுப்பு விலக அத்தனை காலமும் தேவைப்படலாம். நாளை தடுப்பை விலக்கக் கோரும் மனுவோடு வரும்போது வரிசையில் இடம் தேடி அலைய வேண்டாம்; ஹொர்டென்சியா அம்மையார் தமக்குப் பின்னால் தங்களுக்கு ஓர் இடம் பிடித்து வைத்திருக்கிறார்.

குறையாத அன்புடனும் தீராத குழப்பத்துடனும்,
சாலைத் துறை ஊழியர்கள்