பகல் முறை சாரதாம்பாளுடையது

காவல் ஆய்வாளர் ஐயா, எங்கள் வீட்டுக் கணினிக்கு உறக்கம் அதிகம். இருபது நிமிடம் எவரும் தொடாவிட்டால் திரை கறுத்து, உள்ளே சுழலும் விசிறியும் அடங்கி, செய்துகொண்டிருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டுத் தூங்கிவிடும். முப்பத்து நான்கு ஆண்டுகள் கணக்கு ஆசிரியனாக இருந்தவன் நான். கடைசி வரிசையில் உறங்குபவர்கள்மீது எனக்குத் தனிப்பட்ட பகை ஏதும் கிடையாது. எழுப்பாமல் விட்டதும் கிடையாது.

பணி ஓய்வுக்குப்பின் இணையத்தின் வழியே ஒரு கழகத்தில் சேர்ந்தேன். உலகெங்குமுள்ள கணக்குப் பித்தர்கள் ஆளுக்கோர் எண்ணை ஏற்று, அது பகா எண்தானா என்று தத்தம் கணினியில் சோதிப்பார்கள். ஒன்றாலும் தன்னாலும் அன்றி வேறெதனாலும் மீதியின்றி வகுபடாதது பகா எண். தாங்களும் ஆறாம் வகுப்பில் படித்திருப்பீர்கள். எனக்கு வாய்த்த எண்ணில் அறுபது லட்சம் இலக்கங்கள். சோதனை முடிய நாற்பத்து மூன்று நாள் ஆகும் என்று கணினி கூறிற்று. பகா எண் என்று தேறினால் உலகப் பட்டியலில் என் பெயர் ‘லட்சுமிநாராயணன், மதுரை’ என்று ஏறும்.

மவுஸ் என்று எல்லோரும் சொல்கிறார்களே, அந்தச் சுட்டி சிறிது அசைந்துகொண்டிருந்தால் கணினி உறங்காது. முதலில் அதை மேசை விசிறியோடு நூலால் பிணைத்தேன். மின்சாரம் போனபோது கணினியைத் தாங்கிய பேட்டரி விசிறியைத் தாங்கவில்லை. அன்று என் மனைவி சாரதாம்பாள் எதிரே அமர்ந்திருந்தாள். ஆறு ஆண்டுகளாக அவளுக்கு வலக்கை நடுக்கம். மடியில் சும்மா கிடக்கும்போதுதான் அதிகமாக நடுங்கும். மின்வாரியத்தை நம்பியிராத கை.

சுட்டியை அவள் கையில் ரிப்பனால் கட்டி, அடியில் ஒரு பலகையும் வைத்தேன். நாங்கள் வீட்டில் சௌராஷ்டிரம் பேசுபவர்கள். பேச்சைத் தமிழில் தருகிறேன்.

“எம்புட்டு நேரம் இப்படி இருக்கணும்?” என்றாள்.

“நீ ஒண்ணும் செய்ய வேணாம். சும்மா இருந்தாப் போதும்.”

“கல்யாணமாகி முப்பத்தெட்டு வருசத்துல இன்னைக்குத்தான் என்னைச் சும்மா இருக்கச் சொல்றீக,” என்று சிரித்தாள்.

இரவு என் முறை, பகல் அவளுடையது. இதில் நான் பாரபட்சம் காட்டவில்லை.

இடையூறு, நடுக்கத்துக்காக அவள் உண்ணும் மாத்திரையால் வந்தது. அதை விழுங்கிய அரைமணியில் அவள் கை அடங்கிவிடும். கை அடங்கினால் கணினி உறங்கிவிடும். எனவே மூன்றாம் நாள் முதல் ஹோமியோபதிக் கடையில் விற்கும் வெறும் சர்க்கரை உருண்டைகளைக் கொடுத்தேன். உண்மையான மாத்திரைகள் என் ஜாமெட்ரி பெட்டியில் ஒன்றும் குறையாமல் உள்ளன, சரிபார்த்துக்கொள்ளலாம்.

“மாத்திரை இனிக்குதே.”

“கம்பெனிக்காரன் மாத்திட்டான்.”

“எப்பவாச்சும் நல்லதாவும் மாத்துறான்,” என்றாள்.

மூன்றாம் வாரத்தில் கரண்டி அவள் வாயை எட்டவில்லை. நானே ஊட்டினேன். மாடிவீட்டு இந்துப்ரியா அதைக் கண்டு, “மாமாவைப் பாருங்க, எப்படி ஊட்டி விடுறாரு. எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கே, தின்ன தட்டைக்கூட நகத்தாது,” என்று தன் கணவரின் காதில் விழும்படி கூறினாள். நான்காம் வாரத்தில் இடக்கையும் நடுங்கலாயிற்று. மாற்றுக்கு ஒரு கை கிடைத்தது எனக்கு ஆறுதலாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

நாற்பத்து மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு, நாற்காலியிலிருந்து எழ முயன்ற சாரதாம்பாள் உடல் விறைத்துக் கீழே விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது என்பது பின்னர் தெரியவந்தது. சோதனை முடிய ஆறு மணி நேரமே மிச்சம். அவளைத் தூக்க முயன்றேன், அலறினாள். ஆகவே தூக்கவில்லை. தலைக்கு ஒரு தலையணை வைத்தேன். சுட்டியின் வடம் தரைவரை எட்டிற்று.

“ஆட்டோ கூப்பிடுங்க,” என்றாள்.

“நாலு மணிக்குக் கூப்பிடுறேன்.”

“நாலு மணிக்கு என்ன?”

“முடிஞ்சிரும்.”

“யாரு, நானா?” என்று கேட்டாள். அந்த நிலையிலும் அவளுக்கு வேடிக்கைப் பேச்சு போகவில்லை.

தொலைபேசி இணைப்பை இணையத்துக்காகக் கணினிக்குக் கொடுத்திருந்தேன், அதில் பேச வழியில்லை. தெருமுனைக்குச் சென்று ஆட்டோ பிடித்திருக்கலாம் என்பீர்கள். மேற்பார்வையாளர் தேர்வுக்கூடத்தை விட்டு நீங்குவது வழக்கமன்று. நானே சுட்டியை அசைத்திருக்கலாமே என்றும் கேட்கக்கூடும். பகல் முறை யாருடையது என்பதை முன்பே கூறிவிட்டேன். அருகில் அமர்ந்து அவள் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அன்று அவள் கை மிக நன்றாக நடுங்கிற்று.

நான்கு மணி ஐந்து நிமிடத்திற்கு விடை வந்தது. பகா எண் அன்று. பிறகு தொலைபேசியில் ஆட்டோவை வரவழைத்தேன்.

கணினியை விற்ற கார்த்திகேஷ் என் பழைய மாணவன். மருத்துவமனைக்கு ஓடிவந்து, தாழ்வாரத்தில் நின்று அழுதான். “சார், வாங்குன அன்னைக்கே சொன்னேன்ல? தூங்கவே கூடாதுன்னு ஒரு செட்டிங் இருக்கு, ஒரு தட்டுத் தட்டினாப் போதும்னு. நீங்கதானே சார் வேணாம்னீங்க.”

அவன் சொல்வது உண்மை. வேண்டாம் என்றேன். உறங்குபவனிடமே வருகைப் பதிவேட்டைக் கொடுக்கும் பழக்கம் எனக்கு இல்லை. விழித்திருக்கச் செய்ய ஓர் ஆள் அருகில் இருக்கவேண்டும். அதற்குப் பெயர்தான் பொறுப்பு.

ஆகவே மாத்திரையை நிறுத்தியவன் நான். ஆறு மணி நேரம் தரையில் கிடத்தியவனும் நானே. எவர் தூண்டுதலும் இன்றி இதை எழுதுகிறேன். மருத்துவமனையில் மீண்டும் மாத்திரை கொடுக்கிறார்கள். அவள் கை முழுதும் அடங்கிவிட்டதாம். மகிழ்ச்சி. அவளுக்கு ஓய்வு வேண்டியதுதான்.

கழகத்தார் எனக்கு இரண்டாம் எண்ணை அனுப்பியிருக்கிறார்கள். இந்த வாக்குமூலத்தில் எழுத்துகள் நடுங்கியிருப்பதைத் தங்கள் காவலர் காளை சுட்டிக்காட்டி, “மனசு உறுத்துதோ, சார்?” என்று கேட்டார். கரும்பலகையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் கோடு பிசகாத கை இது. அவர் நினைப்பது தவறு. எனினும் நடுக்கம் இருப்பது மெய்யானால், கணினியை இங்கே கொண்டுவர அனுமதி வேண்டுகிறேன். மின்சாரம் மட்டும் தங்கள் நிலையத்தினுடையதாக இருக்கட்டும்.